எல்லை தாண்டும் புகை: அபராதம் அடக்குமா, தண்ணி அடக்குமா?
(மூணு பேரின் வாதம்; பேசுறவங்க ஊர்ப் பேரே அவங்க பேரு.)

குப்பனூர் ரோடு:
சேர்வராயன் மலையின் தெற்கு அடிவாரம் சேலம், வடக்கே பொம்மிடி தருமபுரி மாவட்டம். மாசி பங்குனியில பிடிக்கிற தீ எல்லைக் கல்லைப் பார்த்து நிக்காது. தென்கிழக்காசியாவில இதே சிக்கலுக்குத்தான் ஆசியான் நாடுகள் 2002-ல புகை ஒப்பந்தம் போட்டன. தீயின் மையமான இந்தோனேசியா ஒப்புதல் தந்ததோ 2014-ல. மறு வருஷமே அங்க சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிஞ்சது. தண்டனை இல்லாத ஒப்பந்தத்தால பயனில்லை. சிங்கப்பூரின் 2014 சட்டம்தான் வழி: வெளியில தீ வச்சு சிங்கப்பூருக்குப் புகை வரவைக்கிற நிறுவனத்துக்கு, நாளைக்கு 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், உச்சவரம்பு 20 லட்சம்.

ஊத்துமலை:
அண்ணே, எரியுறது எதுன்னு முதல்ல பாருங்க. நம்ம மலையில எரியுறது சருகு, காய்ஞ்ச புல், உண்ணிச்செடி. தீ தாண்டாதபடி சருகை நீக்கி வெறுந்தரைக் கோடு வெட்டி, பச்சைத் தழையால அடிச்சா பெரும்பாலும் அடங்கிடும். இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான்ல மண்ணே எரியுது. பீட் என்கிற சதுப்பு மண், முழுசா மக்காத தழையும் வேரும் பல மீட்டர் ஆழத்துக்குப் படிஞ்சது. எண்ணெய்ப்பனைக்கும் காகித மரத்துக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சதும் அது காயுது. அப்புறம் தீ உள்ளுக்குள்ளயே கனன்று நகரும். நல்லாக் காய்ஞ்ச பீட் தண்ணியை உறிஞ்சாது. ஹெலிகாப்டர்ல ஊத்தினா மேலாக ஓடிடும். குழாய் முனையை மண்ணுக்குள்ள குத்தி, சேறாகிற வரைக்கும் செலுத்தணும். அந்த வேலையை எந்த அபராதமும் செய்யாது.

குப்பனூர் ரோடு:
அணைக்கிறதைப் பத்தி நான் பேசலைங்க, பத்த வைக்காம இருக்கிறதைப் பத்திப் பேசுறேன். செயற்கைக்கோள் படமும் காற்றுத் திசையும் நில வரைபடமும் ஒத்துப்போனா, நிலத்தை வச்சிருக்கிறவர்தான் காரணம்னு அந்தச் சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு காட்டுறது நிறுவனத்தின் பொறுப்பு. இந்த பயம் வேணும்.

பொம்மிடி வடக்கு:
அந்த வரைபடத்துலதான் ஓட்டை. நிறுவனங்களுக்குத் தந்த நில உரிமப் பகுதிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடக்கும். செயற்கைக்கோள்ல இருந்து தீயைக் கண்டுபிடிக்கிற விர்ஸ் (VIIRS) கருவியின் படத்துல ஒரு புள்ளி தரையில 375 மீட்டர். வாய்க்காலுக்கு எந்தக் கரையில தீன்னு அது சொல்லாது. உள்ளே கனலுற தீயில வெப்பம் குறைவு, மேல புகையும் மேகமும் மறைக்கும். நேர்ல போய்ப் பார்க்க ஆள் வேணும்.

நம்ம மலைக்கும் இது பொருந்தும். சரிவு 10 டிகிரி கூடினா மேல்நோக்கி ஓடுற தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அடிவாரத்துல பிடிச்சது முகட்டைத் தாண்டும் முன்னாடி மறுபக்கம் ஆள் நிக்கணும். எந்த வனக்கோட்டம் ஆள் அனுப்பணும்னு தை மாசத்துலயே பேசி முடிச்சிருக்கணும். கோடும் ஒருதடவை வெட்டினா போதாது. இலையுதிர் காடு, சில நாள்ல சருகு மூடிடும். திரும்பத் திரும்பக் கூட்டணும்.

ஊத்துமலை:
சரியாச் சொன்னீங்க. இந்தோனேசியாவின் 2016 விதிப்படி பீட் நிலத்துல நீர்மட்டம் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழ இறங்கக் கூடாது. புகையைத் தடுக்கப் பக்கத்து நாடு பணம் தந்தா, அது போக வேண்டிய இடம் வாய்க்கால் அடைப்பு. ரெண்டு வரிசை மரக்கழி, நடுவுல மண் மூட்டை, உபரி நீர் வழிய ஒரு தாழ்ந்த வாய். ஒரே உயரமான தடுப்பு போட்டா, பீட் மெத்துன்னு இருக்கிறதால தண்ணி பக்கக் கரையை அரிச்சுச் சுத்திப் போயிடும். தாழ்வான தடுப்புகளை அடுக்கடுக்காப் போடணும். படகு போக வழி விடலைன்னா ஊர்க்காரங்களே பிரிச்சுடுவாங்க.

குப்பனூர் ரோடு:
அடைப்பு வேணும், ஒத்துக்கிறேன். கழி இத்துப்போனா மாத்துறது யாரு? பராமரிப்பை நில உரிமத்தோட சேர்த்துக் கட்டணும். நீர்மட்டம் 40 செ.மீ.க்குக் கீழ இறங்கினா, தீ பிடிக்கும் முன்னாடியே உரிமத்தை நிறுத்தி வைக்கணும்.