'பேக்ஃபீட்' என்பதற்குப் பின்பாய்ச்சல்: ஒரு முன்மொழிவு

பண்ணைகளில் ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கான பாதுகாப்புக் குறிப்பில், ஜெனரேட்டரின் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குள் திரும்பிப் பாய்வதைக் குறிக்கும் 'பேக்ஃபீட்' என்பதைப் 'பின்பாய்ச்சல்' என்று எழுதலாம் என முன்மொழிகிறேன். சொல்லை எடைபோடுவதற்கு முன் அது சுட்டும் ஆபத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

நம் ஊர் மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. ஆனால் அது இரு திசையிலும் இயங்கும் கருவி. மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் பண்ணை வயரிங்கில் சேர்த்தால், அந்த மின்சாரம் சர்வீஸ் கம்பி வழியே மின்மாற்றியை அடைந்து, மறுபக்கத்தில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து வெளிப்படக்கூடும். ஊர்ச் சுமையைத் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று நம்புவோர் உண்டு. கம்பி அருகிலேயே அறுந்து சுமை குறைந்திருந்தால் அது நிற்காமல் ஓடலாம். நின்றாலும் அதற்கு முந்தைய சில நொடிகளே ஓர் உயிரைப் பறிக்கப் போதும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களை மீண்டும் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் பணியாளர்கள் வந்தார்கள். எந்தத் தோப்புக்குள் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பது அப்படி வந்தவருக்கு எப்படித் தெரியும்? மின்தடத்தைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி வேலை செய்வதே அவருக்கு முறை என்றாலும், நம் பக்கத்துப் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது. இறால் குளத்தில் இரவில் காற்றூட்டி நின்றால் ஆக்சிஜன் குறைந்து இறால்கள் மடியும் என்ற பதற்றத்தில்தான் இணைப்பு அவசரமாகக் கொடுக்கப்படுகிறது. குறிப்பில் உள்ள சொல் அந்த நேரத்திலும் புரிய வேண்டும்.

'பின்னூட்டம்' கருத்துரைக்கு உரியதாகிவிட்டது. 'எதிர்மின்னோட்டம்' என்றால் மாணவர்கள் எதிர்மின்னியை நினைப்பார்கள். 'எதிரேற்றம்' என்பதையும் எதிர் மின்னேற்றம் என்றே படிக்க இடமுண்டு. பேச்சில் வழங்கும் 'ரிட்டர்ன் சப்ளை' ஆபத்தைச் சரியாகவே குறிக்கிறது. எனவே குறிப்பில் அதையும் ஒருமுறை சேர்த்து எழுதலாம்.

'பின்பாய்வு' என்ற மாற்றும் ஏற்கத்தக்கதே. ஆயினும் பாய்வு தானாக நிகழ்வது. பாய்ச்சல், தண்ணீர் பாய்ச்சுவதுபோல, ஒருவர் செய்வது. இந்த விபத்து எப்போதும் ஒருவர் கொடுத்த இணைப்பால் நேர்வது என்பதால் பிறவினை வடிவத்தையே வலியுறுத்துகிறேன். 'புலிப் பாய்ச்சல்' என்ற மற்றப் பொருள் இந்த இடத்தில் குழப்பாது. இலக்கணம் கருதிப் 'பிற்பாய்ச்சல்' என்று எழுதினால், பிற்பகல்போலக் காலப் பொருள் வந்துவிடும். 'பின்புறம்' போல இயல்பாக விடுவதே தகும்.

மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கும் திரும்பவும் மாற்ற உதவும் 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்' என்பதற்கு, இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்ற 'ஆளி'யைக் கொண்டு 'வழிமாற்று ஆளி' எனலாம். 'மாற்றி' என்று முடியும் சொல் வேண்டாம். இங்கே மின்மாற்றியும் அங்கே நிலைமாற்றியும் டிரான்ஸ்ஃபார்மரைக் குறிக்கின்றன. 'மடைமாற்று ஆளி' அழகானது என்றாலும், மடை மாற்றுகையில் இரண்டு வாய்க்காலும் சற்று நேரம் திறந்திருக்கலாம்; இந்த ஆளியிலோ மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் ஒரு கணமும் சேரக் கூடாது.

வரையறையில் அதையே முதலில் எழுத வேண்டும்: ஒரு மூலத்தை முழுமையாகத் துண்டித்த பின்னரே மற்றொன்றை இணைக்கும் ஆளி. மெயினை அணைத்துவிட்டு, இருபுறமும் பிளக் வைத்த கம்பியைச் சாக்கெட்டில் செருகுவது இதற்கு ஈடாகாது. யாரேனும் மெயினைப் போட்டுவிடலாம், சாக்கெட்டிலிருந்து நழுவிய பிளக்கின் முனைகளிலும் மின்சாரம் இருக்கும். மும்முனை இணைப்பில் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனை ஆளியே பாதுகாப்பானது என்பதையும், அதை உரிமம் பெற்ற மின்பணியாளரே பொருத்த வேண்டும் என்பதையும் வரையறையை அடுத்தே சேர்க்கலாம்.