டெபை மாடல்ல (திடப்பொருளோட வெப்ப ஏற்புத்திறன விளக்குற மாடல்) ஒரு டவுட், யாராச்சும் விளக்குங்க

வணக்கம், எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன், சாலிட் ஸ்டேட்ல மாட்டிக்கிட்டேன். பழைய கிளாசிக்கல் கணக்குப்படி திடப்பொருள்ல ஒரு மோல் அணுவுக்கு வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடேத்த வேண்டிய வெப்பம்) 25 ஜூல் பக்கம் வரணும், ஆனா வைரத்துக்கு ரூம் டெம்பரேச்சர்ல 6 தான் வருது. 1907ல ஐன்ஸ்டீன், எல்லா அணுவும் ஒரே அதிர்வெண்ல ஆடுது, எனர்ஜிய துண்டு துண்டாத்தான் வாங்கும்னு வச்சு இத விளக்குனாரு, அவ்ளோ அழகான ஐடியா அது. ஆனா ரொம்ப குளிர்ல அவர் கணக்கு நெஜத்த விட வேகமா ஜீரோவுக்கு போயிடுது, 1912ல டெபை, அணுக்கள் சேர்ந்து அலையா ஆடுதுன்னு எடுத்துக்கிட்டு டெம்பரேச்சரோட மூணாவது அடுக்குல குறையும்னு சரி பண்ணாரு.

இங்கதான் டவுட். அலைன்னா எவ்ளோ சின்ன அலைநீளமும் வரலாமே, அப்புறம் ஏன் மோடுகள (அதாவது தனித்தனி அதிர்வு வகைகள) அணு எண்ணிக்கையோட மூணு மடங்குல நிறுத்திடுறாரு? கணக்கு போட வருது, காரணம்தான் மனசுல உக்கார மாட்டேங்குது. படம் போட்டு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ், நாளன்னிக்கு செமினார்.