புழுதியில் விதைத்த வயலில் தண்ணீர் நிற்கவில்லை, பயிரும் வெளுக்கிறது. என்ன செய்யலாம்?

நன்னிலம் பக்கம், போர் பாசனம்:
எல்லோருக்கும் வணக்கம். நடவுக்கு ஆள் கிடைக்காததால் இந்தக் குறுவைக்கு நாற்றங்கால் விடவில்லை. மூன்று மா நிலத்தில் கோ 51 நெல் ரகத்தைப் புழுதியிலேயே கருவி வைத்து விதைத்துவிட்டேன். இன்றைக்கு 27 நாள் பயிர். தண்ணீர் மிச்சமாகும் என்று நம்பித்தான் இறங்கினேன், நடப்பது நேர்மாறாக இருக்கிறது. ராத்திரி மோட்டார் போட்டு இரண்டு அங்குலம் கட்டினால் மறுநாள் மத்தியானம் தரை தெரிகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் நடவு வயலில் மூன்று நாளானாலும் தண்ணீர் கிடக்கிறது. ஒரே மண், ஒரே போர். நான்கு நாளாக நடுவயலில் பயிர் திட்டுத் திட்டாக வெளுக்கவும் செய்கிறது. யூரியா போடலாமா?

மன்னார்குடி:
அவசரப்பட்டு யூரியா போடாதீர்கள் அண்ணே. வெளுத்திருப்பது அடி இலையா, குருத்தா? தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையில்தான் முதலில் மஞ்சள் தெரியும். அப்புறம், மோட்டார் நின்றதும் டார்ச்சோடு வரப்பைச் சுற்றி வாருங்கள். நண்டு வளை இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் சுழித்து இறங்கும்.

கேட்டவர்:
பார்த்தேன் தம்பி. குருத்துதான் வெளுத்திருக்கிறது. நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் கோடு கோடாக இருக்கிறது, சில தூரில் குருத்து வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அடி இலை நல்ல பச்சை. தென்வரப்பில் இரண்டு வளை இருந்தது, களிமண் வைத்து மிதித்து அடைத்தாயிற்று. அப்படியும் தண்ணீர் இறங்கத்தான் செய்கிறது.

பழைய விவசாயி, வலங்கைமான்:
தம்பி, உங்கள் இரண்டு கஷ்டத்துக்கும் வேர் ஒன்றுதான். பக்கத்து வயலில் தொழி உழுதிருக்கிறார்கள். சேற்றில் மிதித்து உழும்போது மண் குழைந்து, கீழே ஒரு பூச்சு மாதிரி அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் நிற்பது அதனால்தான். உங்கள் வயலில் அந்தப் பூச்சு கிடையாது. தொழிக்குச் செலவாகும் தண்ணீரை ஏற்கெனவே மிச்சம் பிடித்துவிட்டு, இப்போது நடவு வயல் மாதிரி தேக்கப் பார்த்து அதை இழக்கிறீர்கள். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கரில், 5 செ.மீ. தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். அவ்வளவையும் பூமிக்குள் விடுவதற்கா மோட்டார் ஓடுகிறது?

தேக்காதீர்கள், நனையப் பாய்ச்சுங்கள். வயல் முழுக்க ஒரு முறை ஓடி நனைந்ததும் மடையை அடைத்துவிடுங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்த அன்றைக்கே அடுத்த பாய்ச்சல். நம் களிமண்ணில் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டால், எவ்வளவு விட்டாலும் அதன் வழியே அடியில் போய்விடும்.

குருத்து வெளுப்பது இரும்புச்சத்துக் குறை. தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று இல்லாததால் இரும்பு கரைந்து பயிருக்குக் கிடைக்கும். புழுதிக்காலில் அது கரையாமல் மண்ணோடு கிடக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 100 கிராம் யூரியா கலந்து சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதுவரை மண் காயவே வேண்டாம்.

மன்னார்குடி:
ஐயா சொல்வது சரி. களைக்குப் பயந்துதான் நிறையப் பேர் தண்ணீரைத் தேக்குகிறார்கள். உங்கள் வயலில் அது நடக்காது, களையைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

குத்தாலம்:
நான் சேற்றில் டிரம் சீடர் (உருட்டி இழுக்கும் விதைப்புக் கருவி) வைத்து விதைப்பவன். எனக்குத் தலைவலி வேறு மாதிரி. முளைகட்டிய விதை என்பதால் முதல் வாரம் தண்ணீர் நின்றாலே பள்ளத்தில் அழுகிவிடும். பயிர் எழும்பிய பிறகுதான் கட்டுவேன். பக்கத்து நடவு வயல்காரரிடமும் ஒன்று சொல்லுங்கள்: 30 செ.மீ. பிவிசி குழாயில் பாதிக்குக் கீழே ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான்.

கேட்டவர் (12 நாள் கழித்து):
இரண்டு முறை தெளித்தேன். புதுக் குருத்து பச்சையாக வருகிறது. முன்பு ராத்திரி முழுக்க ஓடிய மோட்டார் இப்போது மூன்று மணி நேரத்தில் நிற்கிறது. கடைசி வரை இப்படியே நனைத்தால் போதுமா?

பழைய விவசாயி, வலங்கைமான்:
சந்தோஷம் தம்பி. கதிர் வெளிவரும்போது மட்டும் தண்ணீரில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் ரகத்துக்கு அது 75 நாள் வாக்கில் வரும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மண் காய்ந்தால் பதராகிவிடும். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டார் ஓடினாலும் பரவாயில்லை.