கப்பல் நிற்கும் எட்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

வணக்கம். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அக்டோபரில் சம்பா நடவை முடித்த கையோடு நானும் வீட்டுக்காரியும் மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பலில் போகிறோம். பையன் போட்டுக் கொடுத்த டிக்கெட். இதுவரை நாங்கள் ஏறியது கொள்ளிடத்துப் பரிசல்தான்.

பார்சிலோனாவில் ஏறுகிறோம். மார்செய் போய், அப்புறம் ரோம். டிக்கெட்டில்தான் ரோம், கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். நாமாக ரயிலில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனால் அந்தப் பயமில்லை, ஆனால் விலை ஆளை அடிக்கிறது. போய் வந்தவர்கள் ரயிலை நம்பினீர்களா?

எனக்கென்னவோ ரோமைவிட நேப்பிள்ஸ் மேல்தான் ஆசை. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த, நேப்பிள்ஸ் பக்கத்துப் பொம்பெயி நகரில், 1938-ல் ஓர் இந்தியத் தந்தப் பதுமையைத் தோண்டியெடுத்தார்கள். ஒரு சாண் உயரம்தான். நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பூம்புகாரில் யவனர் வந்து இறங்கிய கதை கேட்டு வளர்ந்தவன், அதைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? காலை எட்டரைக்கு இறங்கி மாலை நாலரைக்குள் ஏற வேண்டும். பொம்பெயி, அருங்காட்சியகம் இரண்டும் ஒரே நாளில் முடியுமா? அவளுக்கு மூட்டு வலி. அந்தக் கல் பாவிய தெருவில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

இன்னொன்று, இருவரும் சைவம். எலுமிச்சை ஊறுகாயைக் கப்பலில் ஏற்ற விடுவார்களா? அவள் இப்போதே ஜாடியில் போட்டு வெயிலில் வைத்துவிட்டாள்.