கீழாநெல்லிச் சாறு ஈரலைக் காக்கிறதா, கரைப்பான் காக்கிறதா?

கேள்வி – ஆய்வுமேசை:
நிழலில் உலர்த்திய கீழாநெல்லிப் பொடியை 70% எத்தனாலில் 1:10 அளவில் 72 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, 45 டிகிரிக்குள் வற்றவைத்தேன். அதை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்துச் சுண்டெலிகளுக்கு வாய்வழி 200 மி.கி./கிலோ. அரை மணி கழித்து பாராசிட்டமால் 300 மி.கி./கிலோ வயிற்றறை ஊசி. 24 மணியில் ஏஎல்டி (ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) ஏறவில்லை. சாறே இல்லாத டிஎம்எஸ்ஓ குழுவிலும் ஏறவில்லை! பாராசிட்டமால் கெட்டுவிட்டதா?

பச்சிலை:
பாராசிட்டமாலைக் குறை சொல்லாதீர்கள். ஈரலில் சிப்2ஈ1 (CYP2E1) நொதி அதை நாப்கி (NAPQI) என்ற வினைப்பொருளாக மாற்றினால்தான் நஞ்சு. நாப்கி, அதை முறிக்கும் ஈரல் பொருளான குளூட்டாதயோனைத் தீர்த்துவிட்டு மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் போய் ஒட்டும். டிஎம்எஸ்ஓ அந்த நொதியையே தடுக்கும். நஞ்சு உருவாகாத ஈரலை எதிலிருந்து காப்பது? சாற்றை 0.5% சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்கிக் கொடுங்கள். சுண்டெலிகளை இரவு முழுக்கப் பட்டினி போட்டீர்களா? வயிறு நிறைய இருந்தால் குளூட்டாதயோன் கையிருப்பு கூடுதலாக இருக்கும், பாதிப்பு ஏறுக்குமாறாக வரும்.

நெருஞ்சில்:
கரைப்பானை மாற்றினாலும் அதே பள்ளம் இருக்கிறது. முன்கூட்டிக் கொடுக்கும் சாறும் சிப்2ஈ1-ஐத் தடுக்கக்கூடும். 'ஈரல் காப்பு' என்று வரும் கட்டுரைகள் பலவற்றில் இதைச் சோதித்திருக்கவே மாட்டார்கள். ஒரு குழுவுக்குப் பாராசிட்டமால் போட்டு, நஞ்சு உருவான பிறகு, இரண்டு மணி கழித்துச் சாறு கொடுங்கள். முன்கூட்டிச் சாறு தந்த குழுவில் சிலவற்றை பாராசிட்டமால் போட்ட 30ஆம் நிமிடத்தில் எடுத்து ஈரல் குளூட்டாதயோனை அளவிடுங்கள். பாராசிட்டமால் மட்டும் பெற்றவை போலவே அடியோடு சரிந்திருந்தால் நஞ்சு உருவாகியிருக்கிறது. அதன் பிறகும் ஏஎல்டி குறைவென்றால் பேசலாம். ஒப்பீட்டுக்கு சிலிமரினோடு (ஈரல் காப்பு மூலிகைப் பொருள்) என்-அசிட்டைல்சிஸ்டீனும் (பாராசிட்டமால் நஞ்சுக்கு மாற்று மருந்து) வையுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தால் ஏஎஸ்டி (இன்னொரு ஈரல் நொதி) பொய்யாக ஏறும், அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

பச்சிலை:
இன்னொன்று. நாட்டு மருந்துக் கடைக் கட்டில் இதே இனத்தின் வேறு செடியான மேலாநெல்லியும் கலந்து வரும். பூக்கும் செடியைப் பிடுங்கி, தாவரவியலாளரிடம் உறுதி செய்து, சான்றாகச் சேமித்த உலர்மாதிரியின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஆய்வுமேசை:
சிறுநீரகத்துக்கும் இதே முறைதானா?

நெருஞ்சில்:
இல்லை. அதற்கு ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து: எலிகளுக்கு 100 மி.கி./கிலோ, எட்டு நாள், வயிற்றறை ஊசி. அது மாறாமலே மெகாலின் என்ற ஏற்பிப் புரதம் வழியாகச் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழல் செல்லுக்குள் புகுந்து தேங்கும், ஆகவே நொதித் தடுப்புக் குழப்பம் இல்லை. தினமும் எடை பார்த்து அளவைத் திருத்துங்கள். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். திசுவை வெட்டிப் பார்க்காமல் 'பாதிப்பில்லை' என்று எழுதாதீர்கள்.