பேஸ்பால்: வெளியே விழுந்து உள்ளே வந்து நின்ற பந்து ஃபவுலா, ஃபேரா?

வெண்ணாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் நடுவராக நின்று பழகிய எனக்கு பேஸ்பால் புதிது. சென்ற வாரம் இரு பள்ளிகள் மோதிய ஆட்டத்தில் பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றேன். பேட்டர் மெதுவாகத் தட்டிய பந்து, ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாம் பேஸ் (ஓடித் தொட வேண்டிய மூன்றாவது இடம்) வழியாகப் போகும் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. விழுந்ததுமே "ஃபவுல்", அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்து, என்று குரல் கொடுத்துவிட்டேன். அந்தப் பந்தோ, மழையில் குழைந்து காய்ந்து கிடந்த களிமண் கட்டி ஒன்றில் மோதித் திரும்பி, கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, பேஸுக்கு நான்கைந்து அடி முன்னால் நின்றுவிட்டது. முதல் பேஸை நோக்கி ஓடிய மாணவன் என் குரலைக் கேட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டான். அது ஃபேர் பந்து, அதாவது ஆட்டத்தில் செல்லும் பந்து என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். பிறகு அதே ஆட்டத்தில், இடப்புற ஃபீல்டர் கோட்டுக்கு வெளியே நின்றபடி கையுறையை உள்ளே நீட்ட, பந்து அதில் பட்டு வெளியே விழுந்தது. அதையும் ஃபவுல் என்றேன். என் தீர்ப்புகள் சரிதானா?

குடமுருட்டி:
ஐயா, இரண்டுமே ஃபேர் பந்துகள்.

ஹோம் பிளேட்டிலிருந்து பேஸ் வரையுள்ள 90 அடிக்கு ஒரு விதி, பேஸிலிருந்து அப்பால் வேறு விதி என்று மனத்தில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பேஸுக்கு முன்னால் பந்து எங்கே விழுந்தது என்பது கணக்கில்லை. எங்கே நின்றது, அல்லது ஆட்டக்காரர் கை படும்போது எங்கே இருந்தது என்பதே கணக்கு. உள்ளே விழுந்து வெளியே உருண்டு நின்றால் ஃபவுல், வெளியே விழுந்து உள்ளே வந்து நின்றால் ஃபேர். மண்கட்டி மைதானத்தோடு சேர்ந்ததாகையால் அதில் மோதியது பொருட்டில்லை. வெளியே கிடந்த மட்டையிலோ முகக்கவசத்திலோ மோதியிருந்தால்தான் ஃபவுல். பேஸிலேயே பட்டுவிட்டால், பின்னர் எங்கே தெறித்தாலும் ஃபேர். துள்ளிச் செல்லும் பந்தாக இருந்தால், பேஸைக் கடக்கும் நொடியில் அது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். பேஸுக்கு அப்பால் நேராக வந்து இறங்கும் பந்துக்கு மட்டுமே முதலில் விழுந்த இடம் தீர்ப்பாகிறது.

இரண்டாவது பந்தில் நீங்கள் ஃபீல்டரின் காலைப் பார்த்திருக்கிறீர்கள். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே பிடிப்பவரின் காலைப் பார்த்த பழக்கம் அது. இங்கே பந்தை மட்டுமே பார்க்க வேண்டும். கையுறையில் பட்டபோது பந்து கோட்டுக்கு உள்ளே இருந்ததால் அது ஃபேர்.

கோடும் உட்பகுதியைச் சேர்ந்தது, ஹோம் பிளேட்டும் அப்படியே. எல்லையில் நிற்கும் கம்பத்துக்கு ஃபவுல் கம்பம் என்று பெயர் இருந்தாலும் அதில் படும் பந்து ஃபேர். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1975இன் ஆறாவது ஆட்டத்தில், 12ஆவது இன்னிங்ஸில், பாஸ்டன் அணியின் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடப்புறக் கம்பத்தில் பட்டதால்தான் வெற்றி தந்த ஹோம் ரன் (பேட்டர் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ஓட்டம்) ஆயிற்று.

அரசலாறு:
விதியைவிட உங்கள் குரல் முந்தியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃபவுல் என்ற சொல் காதில் விழுந்ததும் ஓடுபவரும் ஃபீல்டரும் நின்றுவிடுவார்கள். அந்த ஓட்டத்தை எவராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் ஃபவுலுக்கு இரு கைகளையும் உயர்த்திக் குரல் கொடுக்கும் நடுவர், ஃபேருக்கு வாய் திறவாமல் மைதானத்தின் உட்புறம் கையை நீட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டு சொற்களும் தூரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். மெதுவாக உருளும் பந்தென்றால் கோட்டின் நேர் பின்னால் போய் நின்று, குனிந்து, அது நிற்கும்வரை பொறுத்திருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும்.

பெரிய ஆட்டங்களிலும் இது தவறியிருக்கிறது. 2009 அமெரிக்கன் லீக் டிவிஷன் தொடரில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக மின்னசோட்டா அணியின் ஜோ மவர் 11ஆவது இன்னிங்ஸில் அடித்த பந்து, ஃபீல்டரின் கையுறையில் உரசிக் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. கோட்டருகே தனி நடுவர் நின்றிருந்தும் ஃபவுல் என்று தீர்ப்பானது. உங்களுடைய இரண்டாவது பந்தும் ஏறக்குறைய இதே வகைதான்.

கீழவீதி:
கோடு போடச் சுட்ட சுண்ணாம்பைத் தூவாதீர்கள். சறுக்கி விழும் பிள்ளைகளின் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். நாங்கள் கல்மாவுக் கோலப்பொடியைக் கெட்டியாகப் போடுகிறோம். பந்து பட்டால் வெள்ளைத் தூள் எழும்பும், கோட்டில் ஒரு கீறலும் விழும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வெண்ணாறு:
மூவருக்கும் நன்றி. அந்தப் பயிற்சியாளரிடமும் மாணவனிடமும் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டே நடுவர்கள்தான் இருக்கிறார்கள். பேஸுக்கு அப்பால் கோட்டை யார் பார்ப்பது?

அரசலாறு:
பேஸ்களில் ஓட்டக்காரர் எவரும் இல்லையென்றால், முதல் பேஸிலிருந்து அப்பால் வலக்கோடு பேஸ் நடுவருக்கு; மற்றவை எல்லாம் உங்களுக்கு. ஓட்டக்காரர் இருந்தால் பேஸ் நடுவர் உள்ளே நடுவில் போய் நின்றுகொள்வார். அப்போது இரண்டு கோடுகளும் கடைசிவரை உங்கள் பொறுப்புதான், ஐயா.