கம்ப்யூட்டர் ஸ்டாக் காத்தாடி, 100 டிகிரி: சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

போட்டோஸ்டேட் கடை:
மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல கடை. கம்ப்யூட்டர்ல இன்டெல் ஐ5-10400 சிப், பி460 மதர்போர்டு, சிப் டப்பாவோட வந்த ஸ்டாக் காத்தாடி. மூணு வருஷம் ஆச்சு. காலையில ஒழுங்கா ஓடுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பெரிய பிடிஎஃப் அனுப்பினா காத்தாடி இரைச்சல் எடுக்குது, எல்லாம் ஆமை வேகம், சில நாள் பொசுக்குனு அணைஞ்சிடுது. சிப்போட சூட்டைக் காட்டுற கோர் டெம்ப் புரோகிராம்ல சும்மா இருக்கும்போது 63, வேலை கொடுத்தா 100. ஈப்போவுக்குப் போய் பெரிய கூலர் வாங்கிடலாமா, இல்ல சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல போடுற பேஸ்ட் மாத்தினா போதுமா?

ரிப்பேர் கடை:
வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை, அண்ணே. கோர் டெம்ப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, சிப்புக்கு முழு வேலை கொடுக்கிற சினிபெஞ்ச் புரோகிராமை ஓட விடுங்க. 63-லிருந்து 95-க்கு ரெண்டு மூணு செகண்டுல தாவி, நிறுத்தின உடனே அதே வேகத்துல விழுதா? அப்படின்னா சூடு காத்தாடிக்கு அடியில இருக்கிற அலுமினிய ஹீட்சிங்குக்கே போய்ச் சேரல. சிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல பிடிப்பு இல்ல. அஞ்சு பத்து நிமிஷம் மெல்ல ஏறி 100 தொட்டா பிடிப்பு சரி, காத்துதான் பத்தல. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

விரலாலயும் கண்டுபிடிக்கலாம். இறக்கையில படாம ஹீட்சிங் ஓரத்தைத் தொடுங்க. திரையில 100, கையில வெறும் வெதுவெதுப்புன்னா கூலரைப் போர்டோட பிடிக்கிற பின் கழன்றிருக்கு. கை வைக்க முடியாத சூடுன்னா தூசி, இல்லன்னா காத்தாடி சுத்துறது பத்தல.

அணைஞ்சு போறதை மட்டும் தனியா வெச்சுப் பாருங்க. இந்தச் சிப் 100 டிகிரியில தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதையும் தாண்டி ரொம்ப ஏறினாத்தான் அணைக்கும். 100-லயே நின்னு ஓடுற மிஷின் திடீர்னு செத்தா பவர் சப்ளையையும் சந்தேகப்படணும். விண்டோஸ் ஈவண்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41னு வரும். மிஷின் ஒழுங்கா மூடாம நின்னுச்சுன்னு அது சொல்லும், எதனாலன்னு சொல்லாது.

தமிழ்ப்பள்ளி கணினி அறை:
'காலையில் நன்றாக ஓடுகிறது' என்பதற்குக் கணக்கு எளிது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். நம் பக்கத்தில் விடியற்காலை 25 என்றால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 33, 34. காலையில் 91-இல் ஓடிய இயந்திரம் மதியம் 100-ஐத் தொட வேறு காரணமே வேண்டாம். காலையிலேயே அது 91-இல் ஓடியதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

நம் ஊர்ச் சூட்டில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில், 65 வாட் சிப்புக்கு ஸ்டாக் காத்தாடியோடு சும்மா இருக்கும்போது 42 முதல் 50 வரை, முழு வேலையில் 75 முதல் 85 வரை இருந்தால் கவலை வேண்டாம். கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புத் திரையில் பார்க்கும் எண், சும்மா இருக்கும்போது உள்ளதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். அங்கே சிப் ஓய்வு நிலைக்குப் போவதில்லை. அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய.

ரிப்பேர் கடை:
63-ல சும்மா நிக்குதுன்னா என் பந்தயம் பின் மேலதான். இன்டெல் ஸ்டாக்குக்கு நாலு மூலையில நாலு பிளாஸ்டிக் பின். கறுப்புத் தலை, அதுல ஒரு அம்புக்குறி. அம்பு காட்டுற பக்கம் திருப்பினா கழலும். இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு 'டைட் பண்றேன்'னு அம்பு பக்கமா திருப்புறவங்கதான் பாதிப் பேர். திருப்பின மறுவாரமே ஒரு மூலை மேல வந்துடும்.

மாட்டும்போது நாலு தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வையுங்க. நாலு வெள்ளைக் காலும் ஓட்டைக்குள்ள நேரா உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு, குறுக்கு மூலையா ரெண்டு ரெண்டா அமுக்குங்க. ஒவ்வொண்ணுக்கும் 'டக்'னு சத்தம் வரணும். சத்தம் வந்ததால மட்டும் நம்பிடாதீங்க. போர்டுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா நாலு இடத்துலயும் வெள்ளைக் கால் ரெண்டா விரிஞ்சு, நடுவுல கறுப்புக் குச்சி தெரியணும். ஒண்ணுல கால் விரியாம சேர்ந்தே இருந்தா அதான் திருடன்.

கேசிங்ல போர்டு இருக்கும்போதே மேலேருந்து அமுக்கினா போர்டு வளையுது, பின் முழுசா இறங்க மாட்டேங்குது. சில ஸ்குரூதான், கழற்றி மேசை மேல, அடியில அட்டை வெச்சு அமுக்குங்க. அரை மணி நேரம் கூட ஆகும், ஆனா ரெண்டாவது தடவை திறக்க வேண்டியதில்ல.

வெள்ளைக் கால் சூட்டுல நாளாக நாளாக நொறுங்கும். நாலு அஞ்சு தடவை கழற்றி மாட்டின கூலருக்குப் புதுப் பின் செட் போட்டுடுங்க, ஆன்லைன்ல சில வெள்ளிதான்.

பழைய சாமான் வாங்குறவர்:
செகண்ட்ஹேண்ட் கூலர் தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. இன்டெல் எல்லாம் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஓட்டை இடைவெளி ஒண்ணு கிடையாது. சிப் உட்கார்ற இடம்தான் சாக்கெட். 775 சாக்கெட்டுக்கு 72 மில்லிமீட்டர். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாத்துக்கும் 75. 1700-க்கு 78. அதனால 4-ஆம் தலைமுறை மிஷின்ல (1150) கிடந்த கூலர் 10400-க்கு (1200) உட்காரும், 12400-க்கு (1700) உட்காராது. மூணு மில்லிமீட்டர்தானேன்னு அமுக்கினா பின்தான் உடையும். நடுவுல செம்பு வட்டம் வெச்ச பழைய ஸ்டாக் கூலர் கிடைச்சா விடாதீங்க. முழு அலுமினியத்தைவிட கனமானது, சூட்டையும் நல்லா இழுக்கும்.

தமிழ்ப்பள்ளி கணினி அறை:
கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை அப்படியே விட்டுத் திரும்ப மாட்டக் கூடாது. ஒருமுறை பிரிந்தால் உள்ளே காற்றுக்குமிழி புகுந்துவிடும். ஐசோபுரொப்பில் ஆல்கஹால் பார்மசியில் கிடைக்கும். 99 சதவீதம் என்றால் உடனே உலரும். 70 என்றால் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். நூல் உதிராத துணியால், துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை சிப்பின் தலையையும் ஹீட்சிங்கின் அடியையும் துடைக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். வாசனைக்கும் வழவழப்புக்கும் அதில் சேர்த்தவை படலமாக நின்றுவிடும். சிப்பை சாக்கெட்டிலிருந்து எடுக்காமலே துடையுங்கள். அடியில் உள்ள ஊசிகள் ஒன்று வளைந்தாலும் போர்டே போனது போல.

புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு மிளகு அளவு. தடவ வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். கூடினால் ஓரத்தில் வழியும், அசிங்கம் மட்டுமே. குறைந்தால் மூலை காய்ந்து நிற்கும், அதுதான் ஆபத்து. அவசரத்துக்குப் பற்பசை போடலாம் என்று சொல்பவர் எல்லா ஊரிலும் உண்டு. முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். அதில் உள்ள தண்ணீர் சில நாளில் வற்றியதும் சுண்ணாம்புக் கட்டிதான் மிச்சம்.

புதுக் கூலரின் அடியில் கம்பெனி பேஸ்ட் இருந்தால் வேறு பேஸ்ட் தேவையில்லை. தனியாக வாங்கிய கூலரில் அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எஸ்டேட் ஆபீஸ்:
இங்க ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 3600 சிப், அதோட வந்த ரைத் ஸ்டெல்த் காத்தாடி. இந்த ஏஎம்4 சாக்கெட் வெச்சிருக்கவங்க மேல சொன்னதை அப்படியே செய்ய வேணாம். இதுல பின் கிடையாது, ஸ்பிரிங் போட்ட நாலு ஸ்குரூ. குறுக்கு மூலையா, ஒவ்வொண்ணையும் ரெண்டு சுத்து, மாத்தி மாத்தி, தானா நிக்கிற வரைக்கும். கழற்றும்போது போர்டு நிமிர்ந்து இருந்தா பின்னாடித் தகடு விழுந்துடும், ஒரு கையால பிடிச்சுக்கணும்.

பெரிய ஆபத்து, கூலரை நேரா மேல தூக்கினா சிப்பும் ஒட்டிக்கிட்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கிட்டு வரும். பூட்டு போட்டிருந்தாலும் வரும். அடியில ஊசி வளைஞ்சிருக்கும். பத்து நிமிஷம் மிஷினை ஓட விட்டுப் பேஸ்ட் இளகினப்புறம் அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, கூலரை இடம் வலமா லேசா திருகுங்க. நழுவுறது கைக்குத் தெரியும். அப்புறம் தூக்குங்க. இந்த 3600 சிப்புக்கு 95 டிகிரிதான் எல்லை.

ரிப்பேர் கடை:
தூசியைப் பத்தி யாரும் பேசல. நம்ம பக்கத்துத் தூசி மூணு வகை. குலை ஏத்துற லாரி கிளப்புற செம்மண், இது காய்ஞ்சது, ஊதினா போயிடும். செம்பனை ஆலைப் பக்கத்துக் கரி எண்ணெய்ப் பிசுக்கு, ஊதினா போகாது. காத்தாடியைக் கழற்றி ஹீட்சிங்கை மட்டும் பாத்திரச் சோப்புத் தண்ணியில பிரஷ்ஷால தேய்ச்சு, ஒரு நாள் வெயில்ல காய வைக்கணும். மூணாவது சாமி மேடைக்குக் கீழ மிஷின் வெச்ச கடைகள்ல சாம்பிராணிப் புகை. காத்தாடிக்கு அடியில, பட்டைகளுக்கு மேல கம்பளி மாதிரி ஒட்டிக்கும். மேலேருந்து பார்த்தா சுத்தமா தெரியும், ஏமாந்துடாதீங்க.

ஊதும்போது இறக்கையை ஐஸ்கிரீம் குச்சியால பிடிச்சுக்கணும். தறிகெட்டுச் சுத்தினா பேரிங் போயிடும். கரகரன்னு சத்தம் வர்ற காத்தாடிக்கு மோட்டாரோட சுத்தாத பக்கத்து ஸ்டிக்கரை உரிச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் பிசினாகிடும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே இருக்கிற மசகையும் கரைச்சிடும். மூடின பேரிங்கா இருந்தா மாத்துறதைத் தவிர வழியில்ல. பல்லி முட்டை, எச்சம் இதெல்லாம் கேசிங் பின்னாடி மூடாத ஸ்லாட் வழியா வர்றது. தகரத் துண்டு ஒண்ணு போட்டு மூடினா போதும்.

எஸ்டேட் ஆபீஸ்:
போட்டோஸ்டேட் கடைன்னா தூசி டோனரா இருக்கும். அதை வீட்டு வேக்கூமால இழுக்காதீங்க. டோனர் பொடி அந்த ஃபில்டர்ல நிக்காது, பின்பக்கமா கடை முழுக்கப் பரவும். ஈரம் கொஞ்சம் கலந்த துணியில ஒத்தி எடுங்க. போட்டோஸ்டேட் மிஷினோட சூடான காத்து எந்தப் பக்கம் வெளிய வருதுன்னும் பாருங்க. கேசிங் அதுக்கு எதிர்ல இருந்தா நீங்க என்ன பேஸ்ட் போட்டும் பிரயோசனமில்ல.

போட்டோஸ்டேட் கடை:
பக்கத்து மூடியைக் கழற்றி மேசைக் காத்தாடி வெச்சிருக்கேன். அது போதாதா?

ரிப்பேர் கடை:
சோதனைக்கு நல்லது, குடித்தனத்துக்கு ஆகாது. மூடியை எடுத்தவுடனே 10 டிகிரிக்கு மேல இறங்கினா கேசிங்குக்குள்ள காத்து தேங்குதுன்னு அர்த்தம். பின்னாடி வெளியேத்துற 120 மில்லிமீட்டர் காத்தாடி ஒண்ணு போட்டு மூடியைத் திரும்ப மாட்டுங்க. ரெண்டு மூணு டிகிரிதான் இறங்குதுன்னா பிரச்சினை உள்ள, சிப் பக்கம்.

வயரையும் பாருங்க. நாலு பின் பிளக் 'சிபியூ ஃபேன்'னு எழுதின இடத்துல இருக்கணும். பயோஸ்ல காத்தாடி வேகத்தைக் கட்டுப்படுத்த பிடபிள்யூஎம் முறை, 40 டிகிரிக்கு 40 சதவீத வேகம், 60-க்கு 60, 75-க்கு 100. 'சைலண்ட்'னு ஒரு தேர்வு இருக்கும். ஏர்கோன் அறைக்கு அது சரி.

தமிழ்ப்பள்ளி கணினி அறை:
பேசாமல் விட்ட ஒன்று, பவர் லிமிட், அதாவது சிப் இழுக்கும் மின்சாரத்தின் எல்லை. 10400-க்கு நீண்ட நேர அளவு 65 வாட். முதல் 28 விநாடிக்கு 134 வாட் வரை போகலாம். பி460 போன்ற போர்டுகள் சிலவற்றில் இந்த 28 விநாடியை எல்லையே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 65 வாட்டுக்குச் செய்த ஸ்டாக் காத்தாடி அப்போது திணறுவது அதன் குற்றமல்ல. பயோஸில் பிஎல்1 (நீண்ட நேர அளவு) 65, பிஎல்2 (குறுகிய நேர அளவு) 90 என்று வைத்துப் பாருங்கள். பிடிஎஃப் அனுப்புவதில் வித்தியாசம் தெரியாது. வீடியோ ரெண்டர் செய்பவருக்குத் தெரியும், அவர் பெரிய கூலர் வாங்குவது நியாயம்.

போட்டோஸ்டேட் கடை:
போர்டைக் கழற்றிப் பார்த்தாச்சு. ரேம் பக்கத்து மேல் மூலைப் பின் விரியவே இல்ல, தலை அம்புப் பக்கமா திரும்பியிருந்துச்சு. பேஸ்ட் அந்த மூலையில காய்ஞ்சு வெள்ளையா. நாலு பின்னும் புதுசு, மிளகளவு பேஸ்ட், பிஎல்2 90. மத்தியானம் மூணு மணி, கடைக்குள்ள 33. சும்மா இருக்கும்போது 46, சினிபெஞ்ச் பத்து நிமிஷம் 82. காத்தாடி நிமிஷத்துக்கு 2,300 சுத்து. அணையல. ஆனா பவர் சப்ளை காத்தாடியைக் கையால தள்ளிவிட்டாத்தான் சுத்துது.

ரிப்பேர் கடை:
அதைத் திறக்காதீங்க அண்ணே, உள்ள கண்டென்சர்ல கரண்ட் நிக்கும். முழு டப்பாவா மாத்துங்க, நல்ல 450 வாட் போதும்.